கஸ்தூரி பார்க்காத பாதி

மலேசியாவில் ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் போகும் பத்தாம் நம்பர் ஃபேக்டரி பஸ்ஸில் சினிமாவைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் கஸ்தூரியைத்தான் கேட்பார்கள். எந்தப் படத்தில் கதாநாயகி மஞ்சள் சேலையோடு கிணற்றடிக்கு வருகிறாள், எந்தப் பாட்டில் பெய்வது நிஜ மழை, எதில் தண்ணீர் லாரி மழை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட கஸ்தூரி பதினாறு வருஷமாக ஒரு படத்தையும் இடைவேளைக்கு மேல் பார்த்ததில்லை என்று நான் சொன்னால் அந்த பஸ்ஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர்கள் நம்பாததுதான் அவள் இத்தனை நாள் பிழைத்துக் கிடந்த வழி.

தெப்ராவில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் அந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் சின்னத்தம்பி. அவர் தலைக்குப் பின்னால் மேலே ஒரு சின்னத் திரை. பென்டிரைவில் படம் போடுவார். காலையில் ஃபேக்டரி வாசலை அடைவதற்குள் இடைவேளை வரை ஓடும். சாயங்காலம் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து மீதி. முதல் பாதி கொஞ்சம் நீளமென்றால் சின்னத்தம்பி மெதுவாக உருட்டுவார். இடைவேளை என்ற எழுத்து வரும் வரை கதவைத் திறக்காமல் வாசலிலேயே நிறுத்தி வைத்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை.

காலையில் கஸ்தூரி கண் கொட்டாமல் பார்ப்பாள். சாயங்காலம் ஏறி உட்கார்ந்ததும் துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு தூங்கிப்போவாள். நாள் முழுக்க நின்ற கால், பாவம், தூங்கட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். துப்பட்டாவுக்கு உள்ளே அவள் காதில் இயர்போன் இருக்கும், அதில் பக்திப் பாட்டு ஓடும்.

அந்த பஸ் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பத்தொன்பது பேர். படத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. கிணத்துப் படம், ரெண்டு போலீஸ் படம், சித்தி அழுவுற படம் என்று அவர்களாக வைத்த பெயர்தான் எல்லாவற்றுக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் ‘ஆயுசுப் படம்’ உண்டு. ஆயுசுக்கும் இதுதான் எனக்குப் பிடித்தது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. “கல்யாணம் பண்ண மாதிரி லா” என்பார் சின்னத்தம்பி, இந்த ஊருக்கே உரிய ‘லா’ இழுப்போடு. அவர் தன் ஆயுசுப் படத்தை ரகசியமாக இரண்டு தடவை மாற்றியவர்.

குழுவில் இன்னொரு சட்டமும் உண்டு. யாரும் முடிவைச் சொல்லக் கூடாது. பார்க்காதவர்களுக்குச் சுவாரசியம் கெட்டுவிடுமாம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் கஸ்தூரி. என்ன பெருந்தன்மை என்று அன்றைக்கு எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். என்னைக் கேட்டால், திருடன் போய் ஊரில் விளக்கு வேண்டாம் என்று மனுக்கொடுத்த கதைதான் அது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அங்கம்மாவுக்குக் கண் போனது.

அங்கம்மா பஸ்ஸில் கஸ்தூரிக்குப் பக்கத்து இருக்கை. ஐம்பத்தாறு வயது. ஃபேக்டரியிலும் இருவருக்கும் ஒரே மேசை. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே சின்னச் சின்ன மின் பாகங்களை வைத்து, கால் வளைந்திருக்கிறதா, பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. ஒரு நாள் மத்தியானம் அங்கம்மாவின் இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியது. கையால் விலக்கிப் பார்த்தாள். விலகவில்லை. கண்ணுக்குள்ளே இருக்கும் விழித்திரை கழன்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அன்றைக்கே ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழ்தான் திரையை அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். அதற்காகப் பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும். டிவி இல்லை, போன் இல்லை.

நாளுக்கு ஒரு படம் பார்க்கிறவள் பத்து நாள் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பாள்? பஸ்ஸில் இதைத்தான் பேசினார்கள். காளிதாஸ் ஒரு யோசனை சொன்னான். அவன் பேக்கிங் பகுதியில் இருப்பவன், நல்ல மனசுக்காரன், ஓ.டி. என்னும் கூடுதல் நேர வேலைக்கு முதலில் கை தூக்குகிறவன். ஆளுக்கொரு நாள் போய் அவரவர் ஆயுசுப் படத்தை அக்காவுக்குக் கதையாகச் சொல்வோம் என்றான். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கஸ்தூரிதான் பட்டியல் போட்டாள். யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எப்போது ஓய்வு என்று பார்த்துப் பார்த்து எழுதினாள். தன் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டாள். மறதிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அங்கம்மாவின் குரல் செய்தி வந்தது. அவள் கணவர் செல்லப்பன் போனைப் பிடித்திருக்க வேண்டும். தலையணைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது குரல்.

“கஸ்தூரி, ஒம் பேரு லிஸ்ட்டுல இல்லன்னு இவரு சொல்றாரு. ஞாயித்துக்கிழமைய நான் ஒனக்குத்தான் வச்சிருக்கேன். திங்கக்கிழம டாக்டரு பாத்துட்டு, ஒட்டிக்கிச்சா இல்லையான்னு சொல்லிடுவாரு. அதுக்கு மொத நாளு எனக்கு ஒன்னோட லாரிப் படம் வேணும். குரூப்புல மாதிரி பாதியில நிறுத்தக் கூடாது. முடிவோட சொல்லணும்.”

கஸ்தூரி அதை மூன்று தடவை கேட்டாள். அன்றைக்கு அவள் பிரித்த தட்டில் வளைந்த காலோடு ஆறு பாகங்கள் நல்லவற்றுக்குள் போய்விட்டன. பத்து வருஷத்துக்கு மேலாக அப்படி நடந்ததில்லை.

லாரிப் படம். அதுதான் அவள் குழுவில் அறிவித்த ஆயுசுப் படம்; அதைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் ஏதாவது செய்து சமாளித்திருப்பாள்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் பாருவில் ஒரு தியேட்டரில் அவளும் கணவர் கனகராஜும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஆறு வயது மகள் லோஷினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இங்கேயெல்லாம் இடைவேளைக்கு விளக்குப் போடுவதில்லை. இடைவேளை என்று எழுத்து வரும், இரண்டு நொடியில் போகும், படம் தொடர்ந்து ஓடும். அந்த எழுத்து திரையில் இருந்தபோதே கனகராஜின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆள் பற்றவில்லை, உடனே வரச் சொல்கிறார்கள் என்றார். அவளும் எழுந்தாள். அவர் அவள் தோளில் கைவைத்து உட்காரவைத்தார். “நீ இருந்து பாரு. முடிவ வீட்டுல வந்து எனக்குச் சொல்லு. டாக்சி பிடிச்சு வந்திரு” என்றார்.

அவள் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன ஓடியது என்று தெரியாது. மனசு எதிலும் நிற்கவில்லை. எழுந்து வெளியே வந்து, சோளப்பொரி விற்கிற இடத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. பேசியவர் யாரென்று தெரியவில்லை. மோட்டோ பைக்கில் போனவரை லாரி இடித்துவிட்டது என்றார். அவள் போய்ச் சேர்ந்தபோது கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கனகராஜ் மோட்டோ விபத்தில் போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கிருந்து எழுந்து போனார் என்பது லோஷினிக்குக்கூடத் தெரியாது. பிறகு எந்தப் படமானாலும் அந்த எழுத்து வந்ததும் அவளுக்கு அடிவயிறு கலங்கும். அதற்குப் பின்னால் யாருக்கோ ஏதோ நடக்கப்போகிறது. பார்க்காமல் இருந்தால் நடக்காது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிறு கேட்க வேண்டுமே.

புதன்கிழமை அவளுக்கு ஓய்வு. லோஷினி எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற நாள். மகளின் டேப்லெட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கஸ்தூரி லாரிப் படத்தைப் போட்டாள். முதல் பாதி அவளுக்கு மனப்பாடம். மலையூர், ஒரு லாரிக்காரன், வளைவின் ஓரத்தில் அவர்களுடைய வீடு, வீட்டை எழுதி வாங்கத் துடிக்கும் அவனுடைய அண்ணன். லாரி திரும்பும் மூன்றாவது வளைவிலிருந்து தெரியும்படி மனைவி ஜன்னலில் விளக்கு வைப்பாள். விளக்கைப் பார்த்ததும் அவன் மூன்று தடவை ஹார்ன் அடிப்பான். அதைக் கேட்டுத்தான் அவள் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள். ஒரு மழை நாளில் போகாதே என்கிறாள், போகிறான். விளக்கை வைத்துவிட்டு நிற்கிறாள். ஒரு ஹார்ன். இரண்டாவது ஹார்ன். கையில் தோசைக்கல்லோடு மூன்றாவதற்குக் காத்திருக்கிறாள். இடைவேளை.

கஸ்தூரியின் விரல் திரையைத் தொட்டு நிறுத்திவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி ஓடவிட்டாள். அந்த எழுத்து வந்தது, நிறுத்தினாள். மூன்றாம் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடவிட்டாள்; மழைச் சத்தம் கேட்டதும் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

“ஏம்மா, இப்பதான பாத்துக்கிட்டு இருந்தீங்க?” என்றாள் லோஷினி, கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்காமல்.

“அடுப்புல பாலு வச்சிருக்கேன்” என்று எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை முழுவதும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். இரண்டு தடவை செய்தி எழுதி அழித்தாள். போகாமல் இருந்தால் அங்கம்மா திங்கட்கிழமைக்கு முந்தின நாளைத் தனியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு கழிக்க வேண்டும். அந்தக் கண் ஒட்டாமல் போய்விட்டால் அவள் வேலை என்ன ஆவது? போய்ப் பாதிக் கதையோடு நின்றால்? தானாக ஒரு முடிவைக் கட்டிச் சொன்னால்? அங்கம்மா பஸ்ஸில் அந்தப் படத்தை நாலு தடவையாவது பார்த்திருப்பாள். ஒரு வரி தப்பினாலும் பிடித்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் காளிதாஸ் தனியாக மீ கோரேங் தின்றுகொண்டிருந்தான். கஸ்தூரி மைலோவை எடுத்துக்கொண்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“காளி, ஞாயித்துக்கிழம அங்கம்மாக்காவுக்கு லாரிப் படம் சொல்லணும். எங்க சுருக்கலாம், எங்க விரிக்கலாம்னு பாக்குறேன். ரெண்டாவது பாதிய நீ ஒரு தடவ சொல்லேன். நீ எப்படிச் சொல்றேன்னு கேப்போம்.”

காளிதாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. கஸ்தூரியக்கா தன்னிடம் கதை கேட்கிறாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“லாரி பள்ளத்துல உருளுது. ஆனா அவரு சாகலக்கா. மொத்தமா நினைப்பு தப்பிப்போவுது. அவரோட அண்ணன் கப்பல் கேப்டன். அவருதான் ஆளக் கண்டுபிடிச்சு, துறைமுகத்துல வச்சுக் காப்பாத்துறாரு. கடைசியில கன்டெய்னர் மேல ஏறிப் பெரிய சண்டை. சண்டையில தலையில அடி படுது, எல்லாம் ஞாபகம் வந்திருது. நேரா வீட்டுக்கு வந்துடறாரு. அவ்வளவுதான் லா.”

“சாகலயா?” என்றாள் கஸ்தூரி.

“எங்க சாவுறது? ஹீரோக்கா அவரு.”

மலையில் ஆரம்பித்த படம் துறைமுகத்துக்கு எப்படிப் போனது என்று வேறொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். வீட்டை எழுதி வாங்கத் துடித்த அண்ணன் எப்போது கப்பல் ஏறினான் என்றும் கேட்டிருப்பாள். சாகவில்லை என்ற ஒரே சொல் காதில் விழுந்த பிறகு அவளுக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கண்ணீரில் மைலோ மங்கலாகத் தெரிந்தது. குடித்துவிட்டு எழுந்துபோய், தட்டுகளைப் பிரித்துக்கொண்டே கப்பல் கேப்டன், நினைப்பு தப்புவது, கன்டெய்னர் சண்டை என்று வரிசையாக மனப்பாடம் செய்தாள். சனிக்கிழமை ராத்திரி பல நாளுக்குப் பிறகு தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கம்மா வீட்டுக்குப் போனாள். செல்லப்பன் கதவைத் திறந்து, “வாங்க கஸ்தூரி, காலையிலேர்ந்து ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா” என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையில் நாசி லெமாக் தாப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அங்கம்மா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். தலை மட்டும் கட்டிலின் நுனியைத் தாண்டி, வளையம் போன்ற ஒரு தலையணையில் முகம் கவிழ்ந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணுக்குத் தரையில் நாலு ஓடுகள் மட்டும் தெரியும். கஸ்தூரி பாயைப் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அங்கம்மாவுக்கு அவள் கால் விரல்கள் தெரிந்தன.

“மருதாணி போட்டிருக்க” என்றாள் அங்கம்மா.

“லோஷினி போட்டு விட்டா. எப்படிக்கா இருக்கு?”

“பயமா இருக்கு. வேற என்ன? நாளைக்கு இந்நேரம் தெரிஞ்சிரும். அத விடு. நீ கதையச் சொல்லு.”

கஸ்தூரி சொன்னாள். முதல் பாதியை அவள் சொல்லிக் கேட்க வேண்டும். மலைப் பாதையின் மூடுபனி, லாரியின் கண்ணாடியில் ஆடும் எலுமிச்சம்பழம், மனைவி கட்டியிருந்த ஊதாச் சேலையின் ஓரத்தில் கிழிசல், அண்ணன்காரன் பத்திரத்தை நீட்டும்போது அவன் விரலில் இருந்த மோதிரம் வரை ஒன்றையும் விடவில்லை. அங்கம்மா ம் கொட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு ஹார்ன். இரண்டாவது ஹார்ன். கஸ்தூரி நிறுத்தினாள். ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தாள். லாரி பள்ளத்தில் உருண்டது. நினைப்பு தப்பியது. அண்ணன், கப்பல் கேப்டன் வந்தார்.

அங்கம்மாவின் முதுகு குலுங்கத் தொடங்கியது.

கஸ்தூரி பதறிப்போனாள். “அக்கா, வலிக்குதா? செல்லப்பண்ணனுக்குப் போன் போடவா?”

“சிரிப்பு காட்டாத கஸ்தூரி. குலுங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு.” மூச்சைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தாள். “இது காளிதாஸ் சொன்னதா?”

கஸ்தூரி பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

“அவன் காலையில நம்ம பஸ்ஸுல வருவான். சாயங்காலம் என்னைக்காவது நம்மகூடத் திரும்பியிருக்கானா? ஓ.டி. முடிச்சுட்டு எட்டு மணி பஸ்ஸுல போறவன். அந்த பஸ் டிரைவரும் சாயங்காலம் மீதிப் பாதிதான் போடுவாரு, அதுவும் லாரிப் பட நடிகர் படந்தான். லாரிப் படம் போட்ட அன்னைக்கு அங்க அதே மூஞ்சி, அதே மீசையோட கப்பல் படம் ஓடிருக்கும். காலையில ஒரு படத்தோட தலை, சாயங்காலம் இன்னொரு படத்தோட வாலு. பத்து வருஷமா அவனுக்கு எல்லாப் படமும் அப்படித்தான் லா. போன வாரம் இங்க வந்து அவன் ஆயுசுப் படத்தச் சொன்னான் பாரு, பாதிரியாரு திடீர்னு கபடி ஆடுறாரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆசையா சொல்றவன ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

வேறு சமயமாக இருந்தால் கஸ்தூரியும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. சாகவில்லை என்ற அந்தச் சொல்லும் கையை விட்டுப் போய்விட்டது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கால்கள் அங்கம்மாவின் கண்ணுக்கு நேரே இருந்தன; அசைந்தால் தெரியும்.

“அக்கா, நான் அந்தப் படத்த முழுசாப் பாத்தது இல்ல.”

“தெரியும்.”

“எந்தப் படத்தையுமே பாத்தது இல்லக்கா.”

“அதுவும் தெரியும். பன்னெண்டு வருஷம் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். தூங்குறவ கைப்பையக் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிச்சிருப்பாளா? ஏன்னுதான் தெரியாது. நீயா சொன்னா கேக்கலாம்னு இருந்தேன். நீ சொல்லல. நான் கேக்கல.”

அங்கம்மாவுக்குத் தன் முகம் தெரியாது என்பது கஸ்தூரிக்கு வசதியாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சட்டைப் பையில் அதிர்ந்த போன், தோளில் வைத்த கை, சோளப்பொரிக் கடைக்கு எதிரே இருந்த பெஞ்சு, முடிவை வந்து சொல்லு என்றது. அழுதுகொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு அங்கம்மா கையைக் கீழே நீட்டித் துழாவி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொல்லட்டுமா?”

கஸ்தூரி துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கம்மா காலை விடவில்லை.

“சொல்லுங்க” என்றாள் கடைசியில்.

“மூணாவது ஹார்ன் வரல. அஞ்சு நிமிஷத்துலயே காட்டிடறாங்க. விடிஞ்சதும் நாலு லாரிக்காரங்க தலையில துண்டப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவரு போயிட்டாரு.”

பதினாறு வருஷமாகக் கஸ்தூரி ஒளிந்து ஒளிந்து தப்பித்த அடி அதுதான். விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் மூச்சு விட மறந்திருந்தாள். பிறகு மூச்சு தானாக வந்தது.

“அதோட முடிஞ்சிருதாக்கா?”

“எங்க முடியுது? இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் இருக்கு.”

“அவ்வளவு நேரம் என்னத்தக் காட்டுறாங்க? அதான் அவரு இல்லையே.”

“அவ இருக்காளே” என்றாள் அங்கம்மா.

பிறகு அவள் மீதிக் கதையைச் சொன்னாள். கஸ்தூரி அளவுக்குச் சேலை ஓரமெல்லாம் அவளுக்கு வராது, நடந்ததைச் சொன்னாள். மனைவி விளக்கு வைப்பதை நிறுத்திவிடுகிறாள். யாருக்கு வைக்க? கொஞ்ச நாளில் இன்னொரு லாரி அதே வளைவில் தடுமாறிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்கிறது. மறுநாள் அந்த டிரைவர் வந்து கேட்கிறான்: ஏம்மா இப்பல்லாம் விளக்க வைக்கிறதில்ல? அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது, அந்தப் பாதையில் போகிற எல்லாரும் இத்தனை வருஷமாக அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் வளைவைத் திருப்பியிருக்கிறார்கள். மறுபடி விளக்கு வைக்கிறாள். அண்ணன்காரன் வீட்டைப் பிடுங்க வருகிறான், வழக்கு, அடிதடி. அவள் வீட்டை விடவில்லை. தோசைக்கடை போடுகிறாள். நடுவில் அவளுக்குச் சிரிப்பு வருகிற ஒரு காட்சிகூட உண்டாம், கோழி ஒன்று பத்திரத்தைக் கொத்திக்கொண்டு ஓடுமாம்.

“கடைசியில?”

“கடைசியில மழை. விளக்க வச்சுட்டு நிக்கிறா. ஒரு லாரி வளைவுல வந்து ஹார்ன் அடிக்குது. ரெண்டாவது அடிக்குது. மூணாவதும் அடிக்குது. பின்னாடியே அடுத்த லாரி, அதுவும் மூணு. வரிசையா எல்லா லாரியும் மூணு மூணு. அவ போயி தோசைக்கல்ல அடுப்புல வைக்கிறா. அவ்வளவுதான். பாட்டுகூடக் கிடையாது.”

செல்லப்பன் நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்தபோது இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அங்கம்மா குப்புறக் கிடந்தபடி, கஸ்தூரி பாயில் உட்கார்ந்தபடி, ஒருத்தி காலை ஒருத்தி பிடித்துக்கொண்டு. என்ன படம் இது, இப்படி ஆக்கிவிட்டதே என்று அவர் பொட்டலங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் டாக்டர் பார்த்தார். திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கண்ணுக்கு நேர்க்கோடு கொஞ்சம் வளைந்துதான் தெரியும் என்றார். பூதக்கண்ணாடி வேலை இனி முடியாது. அங்கம்மாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். படம் பார்க்கலாம் என்றார் டாக்டர், மீசை கோணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இதெல்லாம் பிறகு நடந்த கதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கஸ்தூரி வீட்டுக்கு வந்து, குளித்து, சாமி விளக்கை ஏற்றினாள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கனகராஜ் இருந்தார். ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸுக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கியது, அதனால் கொஞ்சம் மங்கல். தினமும் திருநீறு எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறவள், அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். லோஷினி என்னவோ கேட்க வந்தவள், அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

“நீங்க எழுந்து போனதுக்கு அப்புறம், படம் இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஓடுச்சுங்க” என்று கஸ்தூரி ஆரம்பித்தாள்.